நாய்க்கு மதிப்பெண் கிடையாது

நான் அந்த வீட்டுக்குப் போனது ஒரு சனிக்கிழமை மத்தியானம், இரண்டேகால் மணிக்கு. மழை வரும்போல இருந்தது. கையில் ஒரு குடை, பையில் நாலு பென்சில், நாலு பத்தியாகக் கோடு போட்ட தாள்கள் ஒரு கட்டு. என் தொழிலுக்கு இவ்வளவு போதும்.

என் தொழிலைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். அட்டை ஆட்டம், பலகை ஆட்டம் எல்லாம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, எப்படி ஆடுவது என்று, அதை எழுதுகிறவள் நான். எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் செய்வதை ஒன்று விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கே தடுமாறுகிறார்கள், எந்த அட்டையைப் புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், எங்கே தப்பு செய்கிறார்கள். ஆட்டம் முடியும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. முகங்களைப் பார்க்கவும் கூடாது; பார்த்தால் என் முகத்தைப் படித்து ஆட்டத்தை மாற்றிவிடுவார்கள். தலையைக் குனிந்துகொண்டு, தாளின் விளிம்புக்கு அப்பால் தெரிகிற கைகளை மட்டும் பார்த்து எழுதுவேன். "வாயை மூடிக்கிட்டு இருக்கிற வேலைக்கு உன்னைப் போய்க் கூப்பிடறாங்களே" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். வீட்டில் நான் வேறு மாதிரி.

அன்றைக்கு நான் பார்க்கப் போன ஆட்டத்தைச் செய்தவர் ஒரு சர்வேயர். நிலத்தை அளந்து முடித்த நேரம் போக, ஆறு வருஷமாக இதைச் செய்திருக்கிறார். மனிதன் கல்லைக் கையில் எடுத்த நாளில் தொடங்கி வானத்துக்குச் செயற்கைக்கோள் அனுப்பிய நாளில் முடியும் ஆட்டம். மூன்று காலம், காலத்துக்கு ஒரு கட்டு அட்டை. விதை, பானை, சக்கரம், படகு என்று ஒவ்வொருவரும் முறை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முன்னால் அடுக்கிக்கொள்ள வேண்டும். கட்டின் அடியில் 'வெள்ளம்' என்று ஒரு அட்டை இருக்கும். அது வந்துவிட்டால் காலம் முடிந்தது. சேர்த்ததில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நடுவில் 'மறதி' என்ற குவியலில் போட்டுவிட வேண்டும். மறதிக்குப் போன அட்டை அந்த ஆட்டத்தில் திரும்ப வராது. படிக்கும்போதே நல்ல விதி என்று நினைத்தேன், கொஞ்சம் கல்நெஞ்சுக்காரன் எழுதிய விதி என்றும் நினைத்தேன்.

பதிப்பாளர் போனில் எல்லாம் சொல்லியிருந்தார். "மூணு பேர் ஆடற மாதிரிதான் பண்ணியிருக்கார். இப்ப நிறைய வீட்ல ரெண்டு பேர்தானே இருக்காங்க? ரெண்டு பேர் ஆட வருமான்னு பார்த்துச் சொல்லுங்க. அவரும் அவர் மனைவியும் உங்க முன்னாடி ஒரு தடவை ஆடறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணாவது ஆள் அவங்க பொண்ணு. பத்து வயசு. ஒன்றரை வருஷமாச்சு, காய்ச்சல்ல போயிட்டா. நீங்க எதுவும் கேட்டுக்காதீங்க."

நான் கேட்கவில்லை. அவர்களாகத்தான் சொன்னார்கள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது சர்வேயரின் மனைவி. மருத்துவமனையில் நர்ஸ், கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பை ஜிப் மூடித் தயாராக நின்றது.

"எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?"

"ரெண்டு, ரெண்டரை மணி நேரம்."

"ஆறு மணிக்கு பஸ். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

உள்ளேயிருந்து வந்த சர்வேயர், "எப்ப திரும்பி வருவேன்னு சொல்லு" என்றார். கேட்கிற குரலாக இல்லை, கெஞ்சுகிற குரல்.

"திரும்பி வரலைன்னு சொல்லிட்டேனே" என்றார் நர்ஸ், சாதாரணமாக, பால் வரவில்லை என்று சொல்வதைப் போல. நான் குடையை எங்கே வைப்பது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் கொடுக்க என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனவர், தம்ளரைத் துடைத்துக்கொண்டே பேசினார். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது சிலருக்குச் சுலபம்.

"அன்னைக்கு மூணு பேரும் ஆடிட்டிருந்தோம். பாதியில எனக்கு டூட்டிக்குக் கூப்பிட்டாங்க. போயிட்டேன். சாயந்தரம் வந்தா, புள்ள சுருண்டு படுத்திருக்கா. 'அம்மா, அப்பா நாயை வெள்ளத்துல போட்டுட்டாங்க'ன்னா. அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவளுக்குப் பேச்சே வரல. ரெண்டு நாள்." தம்ளரைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை. "எப்ப காய்ச்சல் ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியல. ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் காய்ச்சல் பார்க்கறவ நான். எம்பொண்ணுக்கு எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. அவரைக் கேட்டா வாயே திறக்கமாட்டேங்கறார். அன்னைக்கு என்னதாங்க நடந்துச்சுன்னு கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. பேசாத மனுஷன்கூட எத்தனை நாள்தான் இருக்கறது?"

தண்ணீரைக் குடித்தேன்.

சாப்பாட்டு மேஜையில்தான் ஆட்டம். நாலு பக்கம். ஒரு பக்கம் அவர், எதிரே அவர் மனைவி, மூன்றாவது பக்கத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் உயரத்துக்காக இரண்டு தட்டைத் தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். அதை யாரும் எடுத்து வைக்கவில்லை, யாரும் அதில் உட்காரவும் இல்லை. நான் நாலாவது பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். "இனிமே ஆட்டம் முடியற வரைக்கும் நான் பேசமாட்டேன். என்னை மறந்துடுங்க" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

சர்வேயர் தொடக்க அட்டைகளைப் பிரித்தார். ஆளுக்கு இரண்டு: கல், நெருப்பு. மனைவிக்கு, தனக்கு. பிறகு கை தானாக மூன்றாவது பக்கம் போயிற்று. கல், நெருப்பு.

அட்டையைப் போட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கை அப்படியே நின்றது.

"பழக்கம்" என்றார்.

எடுக்கப் போனார். "இருக்கட்டும், கலைக்காதீங்க" என்றார் நர்ஸ்.

நான் தாளில் எழுதினேன்: 'தவறு. மூன்று கைக்குப் பிரித்தார்.' அதுதான் அன்றைக்கு நான் முழு நினைவோடு எழுதிய கடைசி வரி என்று இப்போது தோன்றுகிறது.

ஆட்டம் தொடங்கியது. மழையும் தொடங்கியது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து, அறை சாம்பல் நிறமாகியது. யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. நான் எழுத்தில் மூழ்கிவிட்டேன். இந்த வேலையில் ஒரு கட்டத்துக்குமேல் மூளைக்கு வேலை இருக்காது. கை நகரும், பென்சில் நகரும். சர்வேயர் அட்டையை எடுப்பார், முதல் பத்தியில் எழுதுவேன். நர்ஸ் எடுப்பார், இரண்டாவது பத்தி. அட்டைகள் மேஜையில் உரசுகிற சத்தம். மழைச் சத்தம். அடுத்து, அடுத்து, அடுத்து. நடுவில் ஒரு தரம் ஒரு வாசனை வந்தது. குழந்தைகளுக்குக் கொடுப்பார்களே, ஆரஞ்சு வாசனையோடு ஒரு காய்ச்சல் மருந்து, அந்த வாசனை. யாரோ பக்கத்து வீட்டில் பாட்டிலைத் திறக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேஜை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. கோடு கோணுகிறதே என்று எரிச்சலோடு தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

கட்டு தீர்ந்தது. வெள்ளம் வந்தது.

"என்ன இது" என்றார் சர்வேயர். "இவ்வளவு சீக்கிரம் வராதே."

நர்ஸ் தன் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுல இருபத்துநாலு அட்டை. ரெண்டு பேருக்குப் பன்னிரண்டு சுற்று வரணும்." தன் முன்னால் இருந்ததை விரலால் எண்ணினார். அளந்து பழகிய மனிதர், இரண்டு தடவை எண்ணினார். "எட்டுதான் எடுத்திருக்கேன். நீ?"

"எட்டு."

"மிச்சம் எட்டு எங்க?"

அவர் ஆரம்பத்திலிருந்து அந்த மூன்றாவது நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை; இடது கையை நெற்றியில் வைத்துக் கண்ணுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டேதான் ஆடினார். இப்போதும் திரும்பவில்லை. என் தாளைத்தான் பார்த்தார். நானும் சுற்றுக் கணக்கைச் சரிபார்க்கலாம் என்று தாளைப் பார்த்தேன்.

முதல் பத்தியில் எட்டு வரி.

இரண்டாவது பத்தியில் எட்டு வரி.

மூன்றாவது பத்தியில் எட்டு வரி.

என் கையெழுத்து. என் பென்சில்.

என் வேலை கைகளைப் பார்த்து எழுதுவது. நான் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். இப்போது நினைத்துப் பார்த்தால் தெரிந்தது: தாளின் விளிம்புக்கு அப்பால் மூன்று ஜோடிக் கைகள் வந்து போயின. அவருடைய வெயிலில் கறுத்த கைகள். அவர் மனைவியின் நகம் ஒட்ட வெட்டிய கைகள். இன்னொன்று சின்னக் கை, விரல் நுனியில் மை. அது வந்து போவது எனக்கு ஒரு கணம்கூட விசித்திரமாகத் தோன்றவில்லை. ஆடுகிறவர்களின் கைகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

மெதுவாகத் தலையை நிமிர்த்தினேன்.

நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு முன்னால், மேஜையில், பத்து அட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன.

பேசக் கூடாது என்பது என் விதி. அன்றைக்கு விதி இல்லாவிட்டாலும் என்னால் பேசியிருக்க முடியாது. நர்ஸைப் பார்த்தேன். அவர் முகம் முழுக்க நனைந்திருந்தது. அவருக்கு முன்பே தெரியும். எப்போதோ தெரிந்துகொண்டு, சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார், கலைத்துவிடுவோமோ என்ற பயத்தில்.

"எழுதினீங்கல்ல மேடம்" என்றார், கிசுகிசுப்பாக. "மூணாவதைப் படிங்க."

படித்தேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"முதல் சுற்று, விதை. இடது கைக்காரர். ரெண்டாவது, பானை. மூணாவது சுற்று, நாய். நாயைப் பார்த்ததும் யோசிக்காமல் எடுத்தார். நாலாவது, படகு..."

"நாயை ஏத்திக்கிட்டுப் போக" என்றார் சர்வேயர்.

"அஞ்சாவது, கூரை. அட்டையின் மூலையைக் கடிக்கிறார். ஆறாவது, உப்பு. காலை ஆட்டுகிறார், மேஜை ஆடுகிறது..."

அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. சர்வேயர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். ஒன்றரை வருஷம் கழித்து முதல் தடவையாக அந்த நாற்காலியை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"கட்டெறும்பு" என்றார். வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர்.

மழைதான்.

"பார்த்துக்கிட்டே இருந்தா வரமாட்டா" என்றார் நர்ஸ். "வெள்ளம் வந்திருக்கு. அவ மூணை வச்சுக்கிட்டு மிச்சத்தைப் போடணும். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கோங்க."

குனிந்தோம். மூன்று வளர்ந்த ஆட்கள், பட்டப்பகலில், ஒரு காலி நாற்காலி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு. யாராவது உள்ளே வந்து பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஒரு அட்டை உரசியது.

இன்னொன்று.

இன்னொன்று. கொஞ்சம் இடைவெளி, யோசிக்கிற மாதிரி. இன்னொன்று.

பிறகு தலையணை அமுங்குகிற சத்தம். யாரோ ஒரு பக்கம் சாய்ந்து ஒரு தொடையைத் தூக்கி உட்காருகிற சத்தம்.

நிமிர்ந்தபோது அந்தப் பக்கம் மூன்று அட்டைகள் இருந்தன: விதை, படகு, கூரை. மறதிக் குவியலில் புதிதாக ஆறு. சர்வேயர் ஆறையும் திருப்பிப் பார்த்தார். கல், நெருப்பு, பானை, உப்பு, சக்கரம், நெசவு.

நாய் இல்லை.

"எப்பவும் இப்படித்தான் மேடம்" என்றார் அவர் என்னிடம், கண் நாற்காலியைவிட்டு நகராமல். "நாய்க்கு மதிப்பெண் கிடையாது. அடுத்த காலத்துல அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வெள்ளம் வந்தா அதைத் தொடைக்கடியில ஒளிச்சுக்குவா. கேட்டா, 'வெள்ளத்துல அது பயப்படும்பா'ம்பா."

நர்ஸ் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். தலையணைக்குமேல் கையை நீட்டினார். தொடவில்லை, ஒரு சாண் உயரத்தில், ஒரு குழந்தையின் முதுகு இருக்கும் இடத்தில், புறங்கையைத் திருப்பி வைத்தார். நெற்றியில் வைத்துப் பார்ப்பது மாதிரி. அவர் தொழில் அது.

கை வெடுக்கென்று பின்னுக்கு வந்தது.

"சுடுது."

மறுபடி வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை.

"நூத்திமூணு இருக்கும்" என்றார். "சாப்பாட்டு மேஜையிலயே நூத்திமூணு. ஏங்க?"

சர்வேயர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, இங்கயே சுடுது. இந்த நாற்காலியிலயே."

ஒரு மனிதர் உடைந்துபோவதை நான் கண்ணால் பார்த்தேன் என்றால் அது அன்றைக்குத்தான். சத்தம் போட்டு அழவில்லை. நாற்காலியில் இருந்தபடியே சிறுத்துப்போனார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ டூட்டிக்குப் போன கொஞ்ச நேரத்துல வெள்ளம் வந்துச்சு. நாயை ஒளிச்சுக்கிட்டா. எனக்கு அன்னைக்கு ஆட்டம் சரியா வருதான்னு கணக்குப் பார்க்கணும். எந்திரின்னேன். எந்திரிக்கல. கையைப் பிடிச்சு இழுத்தேன்." நிறுத்தினார். "கை சுட்டுது. நல்லா சுட்டுது. எனக்குத் தெரிஞ்சுது. ஆட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்னு நினைச்சேன். நாயைப் பிடுங்கி மறதில போட்டேன். அவ அழக்கூட இல்ல. படுத்துக்கறேன்பான்னு போயிட்டா. கோபம்னு விட்டுட்டேன். இங்க உக்காந்து அவ கையையும் உன் கையையும் நானே ஆடி, கணக்கு எழுதிட்டிருந்தேன். நீ வர்ற வரைக்கும். நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரம்" என்றார் நர்ஸ்.

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? எந்த வாயை வச்சு நான் சொல்றது?"

நர்ஸ் எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவுப் பக்கம் நடந்து போய்ப் பையின் பிடியில் கை வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போனால் போகட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. அந்த நாலு மணி நேரத்தை என்னாலேயே தாங்க முடியவில்லை.

அப்போது மேஜையில் இரண்டாவது காலத்துக் கட்டிலிருந்து ஒரு அட்டை உரசி நகர்ந்தது.

மூவரும் கேட்டோம். முறைப்படி முதலில் ஆட வேண்டியவர் நர்ஸ்தான். அவர் தாமதித்ததால் யாரோ பொறுமையில்லாமல் அவருக்காக ஒரு அட்டையை எடுத்து, அவர் இடத்தை நோக்கித் தள்ளியிருந்தார்கள்.

நர்ஸ் பையை விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். புருஷனைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நான் பாதியில எழுந்து போனேன். இன்னைக்கு முடிச்சுட்டுப் போறேன்" என்றார். "விளக்கைப் போடாதீங்க. ஆடுங்க."

ஆடினோம் என்றுதான் எழுதத் தோன்றுகிறது. நான் ஆடவில்லை, எழுதினேன். தலையைக் குனிந்துகொண்டு, மூன்று பத்தியிலும். அச்சு வந்தது, கப்பல் வந்தது, நீராவி வந்தது. இரண்டாவது வெள்ளம் வந்தபோது யாரும் சொல்லாமலே குனிந்தோம். மின்சாரம் வந்தது. தடுப்பூசி வந்தது, அதை யாரும் எடுக்கவில்லை, கடைசிவரை மேஜை நடுவிலேயே கிடந்தது. அந்த ஆரஞ்சு வாசனை போகப் போகக் குறைந்து, மழை ஈரத்தின் வாசனை மட்டும் மிஞ்சியது. பயம் எப்போது போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. போய்விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தது பயத்தைவிடக் கனமாக இருந்தது.

கடைசியில் மதிப்பெண் கூட்டினார்கள். மூன்றாவது ஆள்தான் எல்லாரையும்விடக் குறைவு. "எப்பவும் கடைசிதான்" என்றார் சர்வேயர். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தலையணையை மெதுவாகத் தூக்கினார். நாய் அட்டை அங்கே இருந்தது, மூலை மடங்கி. அதைத் தொட்ட விரலைச் சட்டென்று எடுத்தார். பிறகு தலையணையை அப்படியே திரும்ப வைத்துவிட்டார்.

"வச்சுக்கோ சாமி" என்றார். "நீ எந்திரிக்க வேண்டாம்."

ஆறு மணி பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் ஏழுக்கு. நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தவர், வாசலில் நின்று, என்னிடம் சொன்னார்: "ரெண்டு பேர் ஆட முடியாது மேடம். பதிப்பாளர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க." நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படியிறங்கினோம். கீழே வந்து திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது மாடி ஜன்னலில் இன்னும் விளக்கு எரியவில்லை.

ஒரு மாதம் கழித்து சர்வேயர் ஒரு கடிதம் அனுப்பினார். புத்தகத்தில் ஒரு விதி சேர்க்க வேண்டும் என்று. கூடவே சில வரிகள்: "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வர்றா. ஒரு ஆட்டம் ஆடுவா. எங்கிட்டப் பேசறதில்ல. ஆட்டம் முடிஞ்சதும் கிளம்பிடுவா. அவ பொண்ணைப் பார்க்க வர்றா, நான் அட்டை பிரிக்கறேன். அதுவே பெரிசு."

அந்த விதியைப் பார்த்துப் பதிப்பாளர் தலையைச் சொறிந்தார். இதற்கு என்ன அர்த்தம், ஏமாற்றுவதற்கு நாமே வழி சொல்லித் தருகிறோமா என்றார். நான் பிடிவாதமாக நின்றேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல் அச்சானது. ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது: 'வெள்ளம் வரும்போது யாரும் ஒரே ஒரு அட்டையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது. அந்த நேரத்தில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லக் கூடாது.'

நேற்று எனக்கு ஒரு பெட்டி வந்தது. புதுசு, மேலே கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காதது. 'மூன்று பேருக்கு' என்று போட்டிருந்தார்கள். காலை பதினொரு மணி, ஜன்னல் நிறைய வெயில், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அச்சான புத்தகத்தை ஒரு தடவை சரிபார்ப்பது என் வழக்கம். நானே மூன்று கைக்கும் பிரித்து, நானே மூவருக்குமாக ஆடிப் பார்ப்பேன். அட்டைகளை எண்ணினேன், சரியாக இருந்தன. பிரித்தேன். எட்டு சுற்று ஆடினேன். மூன்றாவது கைக்கு நாய் வந்தது. வெள்ளமும் வந்தது.

ஒன்பதாம் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அச்சுப்பிழை இருக்கிறதா என்று வரிவரியாகப் படித்தேன். படித்து முடிக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு மேஜையைப் பார்த்தால் மூன்றாவது கையில் மூன்று அட்டைகள்தான் இருந்தன. மறதிக் குவியலில் ஆறு. நான் இன்னும் எதையும் போடவில்லை.

ஆறையும் திருப்பிப் பார்த்தேன்.

மேஜை லேசாக ஆடத் தொடங்கியது.

எதிர் நாற்காலி என் கண்ணுக்கு நேரே இருந்தது. கொஞ்சம் தலையைத் தூக்கினால் போதும்.

"பயப்படாதே, நான் பார்க்கல" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டேன்.